மொட்டைப் பெட்டி

வாரும்வே, உள்ள வாரும். அந்த ஓரத்துல நின்னா சாரல் அடிச்சு உம்ம பார்சல் மூட்டையெல்லாம் நனைஞ்சிரும். எவன் வீட்டுப் பொருளோ, நனைஞ்சா உம்மளைத்தானே பிடிப்பான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரும். கடையில கூட்டம், இடமில்லைன்னா சொல்லப் போறேன்? குத்தாலத்துல சீசன், தென்காசி ரோடெல்லாம் வண்டி, எங்கடையில மட்டும் கல்லாவுல நானும் மச்சுல வேலையாள் செல்லையாவும். அவனும் தூங்குதான். குறட்டை கேக்குல்லா?

என்னமோ கேக்க வந்தீரு. அட்ரஸா? அதை அப்புறம் சொல்லுதேன். இந்த பஜார்ல எனக்குத் தெரியாத கதவு கிடையாது. பின்னாடி சந்துல தண்ணி நிக்கி, வண்டி போகலையா? போகாது. ரெண்டு சாரல் விழுந்தா அந்தச் சந்து குளம்தான். இரும், மழை விடட்டும். அது என்னவே, மழைக்கோட்டுக்குள்ள ஒரு பெட்டியை மட்டும் அணைச்சுப் பிடிச்சிருக்கீரு? மத்ததெல்லாம் மூட்டையில கிடக்கு, அது மட்டும் என்ன ராஜகுமாரியா? சரி, சொல்ல வேண்டாம். நான் கேக்கலை.

உம்ம பேரு என்ன? இசக்கிராஜ்ங்கீரா? நல்ல பேரு. வயசு நாப்பத்தஞ்சு இருக்குமா? இந்த வயசுல இது ஒரு பொழைப்பாவே? ஊரான் வீட்டு வாசல்ல நின்னு, போன்ல வந்த நம்பர் சொல்லுங்கம்மா, நம்பர் சொல்லுங்கம்மான்னு. கோவிச்சுக்கிடாதேயும். உம்மளைச் சொல்லலை. உம்மளை அனுப்புதானே, அவனைச் சொல்லுதேன்.

உம்ம கம்பெனி மேனேஜர் இன்னைக்குச் சாயங்காலம் இங்க வாரான், தெரியுமா? எதுக்கு? இந்தக் கடையைக் கேட்டு. காலி பண்ணிக் குடுத்தா பார்சல் குடோன் ஆக்கிருவானாம். பஜாருக்கு நடுவுல தோதான இடமாம். முப்பது வருஷமா இந்த ஆவுடையப்பன் பனியனும் ஜட்டியும் பாடியும் வித்த இடத்துல, எவனோ எவளுக்கோ அனுப்புத பெட்டியை அடுக்கி வைப்பானாம். எப்படி இருக்கு கதை? 'நீங்க பாட்டுக்கு உக்காந்து மாசாமாசம் வாடகையை வாங்குங்க அண்ணாச்சி'ன்னு என் மூஞ்சியைப் பார்த்தே இளிக்கான்.

நான் அன்னைக்கே போடா வெளியன்னுருப்பேன். ஆனா கட்டடம் என் வீட்டுக்காரி பேர்ல இருக்கு. மாமனார் கல்யாணத்துக்கு எழுதிக் குடுத்தது. கீழ கடை, மேல வீடு. பேருக்குத்தான் அவ பேரு, கேட்டீரா? அந்தப் பய அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, 'அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்'ங்கான். அவகிட்ட கேட்டா, 'சாயங்காலம் அவங்க வரும்போது சொல்லுதேன்'ங்கா. இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு? உலகம்மா நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா. மாட்டேன்னு அவ வாயாலயே சொல்லட்டும். அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்.

நான் கேக்கேன், தொட்டுப் பார்க்காம துணி வாங்கலாமாவே? ஒரு கைலி வாங்கணும்னா அதை விரிச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, ஓரத்தைக் கசக்கிப் பார்த்து வாங்குவான் மனுஷன். இப்போ படுத்த பாயில படுத்துக்கிட்டு ஒத்த விரலால தள்ளுதான். தள்ளு, தள்ளு, தள்ளு. கடை கடையா ஏறி இறங்குதோம்னு நினைப்பு. எதிர்த்த மெடிக்கல்காரன் இருக்கானே சங்கரநாராயணன், எங்கடைக்கு நேர் எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு போன்ல கைலி வாங்குதான். படத்துல நீலம், பெட்டியில பச்சை. அதைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான், மானங்கெட்டவன். 'என்னவே, கண்ணு தெரியலையா'ன்னு கேட்டேன். 'திருப்பி அனுப்பிருவேன் அண்ணாச்சி, ஒரு அமுக்கு அமுக்கினா ஆள் வந்து எடுத்துட்டுப் போயிருவான்'ங்கான். அதே மாதிரி மறுநாள் ஒருத்தன் வந்து வாங்கிட்டுப் போறான். நீர்தானா அது?

ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானாமே! ஏன் பிடிக்கலை, என்ன குறைன்னு கேக்காம திருப்பி எடுக்கதுக்குப் பேரு யாவாரமா? அந்தச் சுவத்தைப் பாரும். 'விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' அது யாவாரம். ஒருநாள் ஒரு பிள்ளை வந்துது. பாங்க்ல வேலை பாக்குத பிள்ளை. பையை மேசைக்கு அடியில நீட்டி, 'அண்ணாச்சி, அளவு சரியில்லை, மாத்தித் தாங்க'ன்னு முணுமுணுங்குது. எனக்குத் தெரியாதா இந்த ஜாலம்? எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். 'நனைச்சிருக்கியேம்மா, சோப்பு வாடை அடிக்கே'ன்னு நின்ன நாலு பேருக்கும் காட்டினேன். நியாயம்னா நாலு பேருக்குத் தெரியணும்லா? அந்தப் பிள்ளை பையை அப்படியே போட்டுட்டுப் போயிட்டு. பொருளைக்கூட எடுத்துக்கிடலை. அம்புட்டுத் திமிரு.

சிரிக்கீரா? இல்லையா? சரி.

இந்த பஜாரையே பாரும். வளையல் கடை சாத்தியாச்சு. செருப்புக்கடை சாத்தியாச்சு. பாத்திரக்கடை இப்போ பிரியாணிக்கடை. பிரியாணியும் போன்ல வருது, அவனும் சீக்கிரம் சாத்துவான். போன வாரம் ஒருத்தன் மாப்பிள்ளைக் களையோட வாரான். கல்யாண வேட்டி வேணும்னான். இருக்கதெல்லாம் எடுத்துப் போட்டேன். ஒண்ணை விரிச்சான், ஒண்ணைத் தடவினான், ஒண்ணைக் கட்டியே பார்த்தான். பிறகு பையில இருந்து போனை எடுத்து ஒரு போட்டோ. 'இதுல விலை கம்மியா இருக்கே அண்ணாச்சி'ங்கான். 'அப்போ தாலியையும் அதுலயே கட்டு'ன்னுட்டேன். விடுவனா நான்?

எங்கடை முறையே வேறவே. மேல பாரும், கடைக்குள்ளயே மச்சு. சரக்கு பூரா அங்கனதான். செல்லையா எந்தப் பெட்டி எங்கன இருக்குன்னு இருட்டுல எடுப்பான். ஆனா அவனுக்குக் காது மந்தம். பக்கத்துல பட்டாசு வெடிச்சா, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புவான். அவனை நிறுத்திருங்கன்னு எத்தனை பேர் சொன்னாங்க! நிறுத்துவனா? விசுவாசி அவன். அவனுக்காகவே நான் தொண்டையைத் திறந்து கத்துவேன். 'செல்லையா! பாடி முப்பத்தாறு, வெள்ளை!' ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கவனுக்கும் கேக்கும். மேல இருந்து பெட்டி பறந்து வரும், நான் இங்க இருந்தே ஒத்தைக் கையால பிடிப்பேன். அதை வேடிக்கை பார்க்கவே வாசல்ல நாலு பேர் நிப்பான். ஒரு காலத்துல இது கடை மாதிரியா இருந்துது? கோயில் கொடை விழா மாதிரி இருந்துது.

இன்னொண்ணு கேளும். நான் அளவு கேக்கவே மாட்டேன். படியேறும்போதே ஒரு பார்வை, அவ்வளவுதான். வந்தவ வாயைத் திறக்கதுக்குள்ள மேல பார்த்துச் சொல்லிருவேன். செண்பகம் டீச்சர் இருக்காவல்லா, பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர், அவியளும் ஒரு நாள் வந்தாவ. படியில கால் வச்சதுமே நான் கத்திட்டேன். அன்னைக்கு அவிய கிளாஸ் பிள்ளையோட அப்பா ஒருத்தர் துண்டு பார்த்துக்கிட்டு நின்னாரு. அவரும் திரும்பிப் பார்த்து வணக்கம் டீச்சர்னாரு. டீச்சர் என்ன செஞ்சாவ தெரியுமா? 'ஒரு கைக்குட்டை குடுங்க அண்ணாச்சி'ன்னு கைக்குட்டையை வாங்கிட்டு விறுவிறுன்னு இறங்கிட்டாவ. பெட்டி வந்து என் கையில உக்காந்திருக்கு, வந்தவியளைக் காணும்!

அதுக்குப் பிறகு அவிய வீட்டு வாசல்ல உம்ம வண்டிதான். நான் விடலை. கோயில் வாசல்ல வச்சே கேட்டேன். 'என்ன டீச்சர், கடைப்பக்கமே காணும், எல்லாம் போன்தானா?'ன்னேன். 'நேரமில்லை அண்ணாச்சி'ன்னாவ. நேரமில்லையாம்! பள்ளிக்கூடத்துக்கு எங்கடையைத் தாண்டித்தானே போறாவ? எட்டு வச்சு ஏறினா கடை. சோம்பேறித்தனம்வே. ஊரே சோம்பேறி ஆயிட்டு.

எங்க பெட்டி ஒண்ணைப் பாரும். இந்தா. மேலேயே கொட்டை எழுத்துல அளவு, நிறம், உள்ள இருக்கதோட படம். கொண்டு போறவ கையில என்ன இருக்குன்னு தெருவுக்கே தெரியும். உம்ம பெட்டியைப் பாரும். மொட்டைப் பெட்டி. மேல அட்ரஸைத் தவிர ஒண்ணும் கிடையாது. உள்ள இருக்கது சட்டியா, புடவையா, செருப்பான்னு பெத்த தாய்க்கும் தெரியாது. திருட்டுச் சாமான் கணக்கா! ஒளிச்சு வாங்குதவனும் ஒளிச்சு விக்குதவனும் உருப்படுவானாவே?

சீசன் ஒண்ணுதான் எனக்கு உயிர். அருவியில குளிக்க மெட்ராஸ்ல இருந்து வாரான். துண்டை மறந்துட்டு வாரான், ஜட்டியை மறந்துட்டு வாரான். போன்ல போட்டா நாளைக்கழிச்சுத்தான் வரும். அதுவரைக்கும் ஐந்தருவியில நின்னுக்கிட்டே இருப்பானா? ஈரத்தோட ஓடி வாரான் எங்கடைக்கு. அந்த நேரத்துல உம்ம கம்பெனி எங்க போச்சு? அதான் சொல்லுதேன், இந்தக் கடையை அசைக்க முடியாது. ஆனா ஒண்ணு. இந்த வருஷம் வாரதெல்லாம் ஆம்பளையாவே இருக்கு. கூட வந்தவ ரோட்டுலயே நின்னுக்கிடுதா. புருஷன் காதுல என்னமோ சொல்லி அனுப்புதா, அவன் படியேறி வந்து கடையைப் பார்த்து முழிச்சிட்டு, ஒரு சோப்பை வாங்கிட்டு இறங்குதான். ஏன்னு எனக்கு விளங்கலை. போன் படுத்துத பாடுதான், வேற என்ன?

பொம்பளைக்கு வெக்கம்பான். என்ன வெக்கம்? கடைக்காரன்கிட்டயும் டாக்டர்கிட்டயும் வெக்கப்படலாமா? இந்தக் கடை திறந்த புதுசு. உலகம்மா மேல இருந்து இறங்கி வந்தா. கல்யாண மஞ்சள் கழுத்துல காயலை. கல்லாப்பக்கம் குனிஞ்சு, என் காதுல ஊதுத மாதிரி, 'எனக்கு ரெண்டு வேணும்'ங்கா. என் பொண்டாட்டி, என் கடை, எனக்கு என்னவே வெக்கம்? 'செல்லையா! நம்ம வீட்டம்மாவுக்கு முப்பத்தி நாலு, ரெண்டு போடு!' கடையே சிரிச்சிட்டு. எனக்கும் சிரிப்பு தாங்கலை. அவ மட்டும் சிரிக்கலை. மேல இருந்து பெட்டி வந்து அவ காலடியில விழுந்து திறந்துக்கிட்டு. குனிஞ்சு எடுக்கணும்லா? எடுக்கலை. அப்படியே படியேறிப் போயிட்டா.

சாயங்காலம் நானே அதைப் பொறுக்கி மேல கொண்டு போய் வச்சேன். எந்தப் புருஷன் செய்வான்? அதுக்குப் பிறகு அவ கடைக்குள்ள கால் வச்சதில்லை. எனக்கு இது வேணும் அது வேணும்னு எங்கிட்ட கேட்டதும் இல்லை. சிக்கனக்காரி. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தி கிடைப்பாளா?

கடை விஷயத்துல அவ வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. போன தீபாவளிக்கு முந்தி. சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா. 'பொம்பளைங்க வந்தா நான் கீழ வந்து உக்காருதேங்க. அந்த மூலையில ஒரு திரையைப் போடுவோம். அளவு நாடா ஒண்ணு வச்சுக்கிடுதேன். நானே பார்த்து எடுத்துக் குடுக்கேன். செல்லையாண்ணனைக் கூப்பிட வேண்டாம், சத்தம் வேண்டாம். எல்லாரும் திரும்பி வருவாங்க'ன்னா. நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிட்டு. 'நீ உக்காந்தா நான் எதுக்கு, செல்லையா எதுக்கு? திரை கட்டி நடத்த இது என்ன தோல்பாவைக் கூத்தா? போய் ரசத்தைக் கொண்டா'ன்னேன். கொண்டு வந்தா. ஊத்தினா. சொன்னாக் கேட்டுக்கிடுவா, அதுதான் அவகிட்ட உள்ள நல்ல குணம்.

அதனாலதான் சொல்லுதேன், நீரே உம்ம மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிரும். ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையைக் குடுக்க மாட்டாரு, அந்த அம்மாவும் குடுக்காது, சாயங்காலம் வந்து மூக்குடைபட வேண்டாம்னு. சொல்லுவீரா? என்ன, தரையைப் பாக்கீரு?

மழை விட்டுட்டு. எங்க, அந்த ராஜகுமாரியைக் காட்டும், அட்ரஸ் சொல்லுதேன். குடும்வே. நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? 'அம்மாகிட்டதான் குடுக்கணும்'ங்கீரு. எந்த அம்மாகிட்ட? இப்படிக் குடும். கண்ணாடி எங்க வச்சேன்... இந்தா இருக்கு.

உலகம்மாள்.

உலகம்மாள், ஆவுடை ரெடிமேட்ஸ் மாடி.

என்னவே இது? வேற உலகம்மாவா? இந்தக் கட்டடத்துல வேற ஏது உலகம்மா? இதுக்குத்தான் வந்ததுல இருந்து பெட்டியை அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீரா? என்னது, வழக்கமா பின்வாசல்ல குடுக்கதா? வழக்கமான்னா? எத்தனை நாளா வழக்கம்? ஏ உலகம்மா! ஏ உலகம்மோ! கீழ வா! உனக்கு என்னமோ வந்திருக்கு, வா!

வந்துட்டா. 'வாங்க இசக்கியண்ணே'ங்கா. பாரும், எனக்கு உம்ம பேரு இப்பத்தான் தெரியும், அவளுக்கு முன்னாலயே தெரியும். நல்லா இருக்கு. நம்பரையும் மனப்பாடமாச் சொல்லுதா. இரு, இரு, பெட்டியைப் பிடுங்காத. என்ன வாங்கியிருக்க? கரண்டியா, குக்கருக்கு ரப்பரா? என்னது? காதுல விழலை. வாயைத் திறந்து சொல்லேன்.

பாடியா?

பாடியா வாங்கியிருக்க? அடிப்பாவி! கீழ கடை பூரா பாடி மலை மாதிரி கிடக்கு, நீ போன்ல பாடி வாங்குதியா? உள்ளாடைக் கடைக்காரன் பொண்டாட்டி ஊரான்கிட்ட உள்ளாடை வாங்குதா! இதை எங்க போய்ச் சொல்ல? ஏன் வாசலைப் பாக்க? அங்க நிக்கவன் கேக்கட்டுமே, எனக்கு என்ன? ஏவே சங்கரநாராயணா! கேட்டியா கதையை? உன் கைலி பரவாயில்லைவே, எங்க வீட்டுல பாடி வருது போன்ல! சிரி, நல்லாச் சிரி.

என்ன சொன்ன? இப்போ என்னமோ சொன்னியே. உலகம்மா? ஏ, நில்லு!

போயிட்டா. கதவையும் சாத்திட்டா. அன்னைக்கு மாதிரி போட்டுட்டுப் போகலை, பெட்டியை முந்தானைக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுத்தான் போறா. இசக்கிராஜ், என்னவே சொன்னா அவ? நீரு பக்கத்துல நின்னீருல்லா. எனக்குச் சரியா விழலை. எப்பவும் இப்படித்தான், மெதுவாத்தான் பேசுவா. 'உங்க மேனேஜரைச் சாயங்காலம் வரச் சொல்லுங்க'ன்னாளா? அதுக்குப் பிறகு என்னமோ சொன்னாளே. சொல்லும்வே. 'சாவி வாங்க'ன்னா சொன்னா? கடைச் சாவி வாங்க வரச் சொல்லுன்னா?

சும்மா சொல்லுவா. கோவத்துல சொல்லுவா. அன்னைக்கு ரசம் கொண்டு வந்தாளே, அவதான இவ. கோவம் தணிஞ்சா...

யார்ரா அது? செல்லையாவா? பாரும், நான் போட்ட சத்தத்துல இவன் முழிச்சுக்கிட்டான். காலையில இருந்து மொத சத்தம்லா, யாவாரம்னு நினைச்சுட்டான். தலையை நீட்டிக்கிட்டு, 'எத்தனை மொதலாளி? அம்மாவுக்கு எத்தனை எடுக்க?'ங்கான். பாடிங்கதும் உலகம்மாங்கதும் மட்டும் கேட்டிருக்கு மூதிக்கு. ஒண்ணும் வேண்டாம்டா, படு. கேக்க மாட்டான். கையில பெட்டியை வேற எடுத்துட்டான்.

முப்பத்தி நாலு... இல்லை, அது அப்போ. ரெண்டு பிள்ளை பெத்தவ. முப்பத்தெட்டா? நாப்பதா? இந்தப் படியில ஏறுத எவளா இருந்தாலும் ஒரே பார்வையில சொல்லிருவேன்வே நான். இப்போ என் முன்னாடிதான் நின்னா. இரு செல்லையா, எறியாத. எறியாதடா, யோசிக்கேன்.

இசக்கிராஜ், கிளம்பாதேயும். ஒரு நிமிஷம். வழக்கமா நீர்தானே கொண்டாந்து குடுத்தீரு. அந்தப் பெட்டி மேல என்ன அளவு போட்டிருந்துது? பார்த்திருப்பீருல்லா? பேரு மட்டும்தானா? ஓரத்துல, அடியில, சின்னதா எங்கயாவது?

ஒண்ணுமே எழுதலையாவே?